பெண்கள் உள்ளாடைக் கடை வைத்து, அதை ஒரு பிராண்டாக வளர்ப்பது எப்படி? மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் போனால் திரும்பின இடமெல்லாம் ஜவுளிக்கடை. சேலைக்கு ஒரு தளம், சுடிதாருக்கு ஒரு தளம் என்று வைத்திருப்பார்கள். உள்ளாடைக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலைக் கவுன்ட்டர், பல கடைகளில் அங்கேயும் ஓர் ஆண் நிற்பார். வருகிற பெண் "36, ஸ்கின் கலர்" என்று மெதுவாகச் சொல்வார். பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்துச் சுற்றிக் கொடுப்பார்கள். ரெண்டே நிமிஷம், வியாபாரம் முடிந்தது. அந்த 36 சரிதானா என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை.

உங்கள் கடைக்கான வேலை அங்கேதான் இருக்கிறது. சென்னையில் நாயுடு ஹால் ஒரு தலைமுறைக்கே பழகின பெயரானது உள்ளாடையை முக்கியச் சரக்காக வைத்து விற்றதால்தான். ரிச்சா கர் 2011-ல் பெங்களூரில் ஜிவாமே என்ற உள்ளாடைக் கடையை ஆன்லைனில் தொடங்கினார். கடையில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் வீட்டிலிருந்தே நிதானமாகப் பார்த்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு 2013-ல் க்ளோவியா வந்தது. இன்றைக்கு இரண்டுமே ரிலையன்ஸ் ரீடெயில் கையில். அவ்வளவு பெரிய பணம் உள்ளே வந்துவிட்ட தொழிலில், விலையைக் குறைத்து நீங்கள் ஜெயிக்க முடியாது. சரியான சைஸைக் கையில் எடுத்துக் கொடுத்தால் முடியும். கீழே சொல்கிற எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: இடம்

விளக்குத்தூண் வட்டாரத்துக்கு உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் ஆட்களெல்லாம் வருவார்கள். ஆனால் அட்வான்ஸும் வாடகையும் முதலிலேயே முதுகை ஒடித்துவிடும். முதல் கடைக்கு அண்ணா நகர், கே.கே.நகர், வில்லாபுரம் மாதிரி குடியிருப்புப் பகுதியோ, மகளிர் கல்லூரிப் பக்கமோ போதும்.

இடம் பார்க்கும்போது எதிரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதிரே டீக்கடை பெஞ்சு இருந்தால் அத்தனை கண்களையும் தாண்டித்தான் ஒரு பெண் உங்கள் கடைக்குள் வர வேண்டும். மற்ற தொழிலுக்கு ஆகாத முதல் மாடி இதற்கு நன்றாகவே ஒத்துவரும். வாடகையும் குறைவு, மறைவும் கிடைக்கும். படிக்கட்டில் வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கட்டும். வயதானவர்கள் நிறைய வருகிற ஏரியா என்றால் தரைத்தளம்தான் சரி.

படி 2: அளவெடுக்கப் பழகுங்கள்

சரக்கு வாங்குவதற்கு முன்பே இதைப் பழகிவிடுங்கள். வேண்டியது ஒரு தையல் டேப், ஒரு நோட்டு, பழகிப் பார்க்க வீட்டுப் பெண்கள், தோழிகள்.

முதலில் மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி டேப்பை மட்டமாக, ஓரளவு இறுக்கமாகப் பிடித்து அளக்க வேண்டும். இதை வைத்துத்தான் 32, 34 என்கிற பேண்ட் எண், அதாவது பிராவின் கீழ்ப்பட்டை எண் வரும். டேப்பில் வருகிற அங்குலமே பேண்ட் எண் என்று நினைத்துவிடாதீர்கள். பல கம்பெனிச் சார்ட்டுகளில் 75 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட இருபத்தொன்பதரை அங்குலம் வந்தால் 34 என்று இருக்கும். அதனால் எந்தக் கம்பெனிச் சரக்கை விற்கிறீர்களோ அந்தக் கம்பெனி சார்ட்டைக் கவுன்ட்டரில் ஒட்டி வையுங்கள்.

அடுத்து மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாகச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். அதிலிருந்து பேண்ட் எண்ணைக் கழித்தால் கப்பின் எழுத்து கிடைக்கும். வித்தியாசம் 1 என்றால் ஏ, 2 என்றால் பி, 3 சி, 4 டி.

கடையில் அடிக்கடி பார்க்கிற ஒரு கேஸ். நாற்பது வயசு ஒட்டிய ஓர் அக்கா வருகிறார்.

"38 குடும்மா, வெள்ளையில ரெண்டு."

"குடுக்கிறேங்க்கா. இப்பப் போட்டிருக்கிறது வசதியா இருக்கா?"

"என்னத்த வசதி. பின்னாடி மேல ஏறிக்கிட்டே இருக்கு. தோள்பட்டையெல்லாம் தடம் விழுது."

"ஒரு தடவ அளந்து பார்த்துருவோமாக்கா? சேலைக்கு மேலயே அளந்துரலாம்."

கீழ் அளவு 75 செ.மீ. வருகிறது, சார்ட்டில் 34. மேல் அளவு 37 அங்குலம். வித்தியாசம் 3, ஆக அவருக்கு வேண்டியது 34சி. சேலைக்கு மேல் எடுத்த அளவு கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதனால் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு நாள் 38 எதற்காக வாங்கினார்? கப் பற்றாமல் இருந்ததற்கு நம்பரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பேண்ட் தொளதொளவென்று ஆனதும் பாரம் முழுக்கத் தோள் பட்டிக்கு வந்துவிட்டது. நியாயமாகப் பாரத்தைத் தாங்க வேண்டியது பேண்ட்தான், பட்டி ஒரு கைத்தாங்கல்.

சரி, கடையில் 34சி இல்லை, என்ன செய்வது? பேண்ட் ஒரு சைஸ் கூடினால் கப் ஓர் எழுத்து குறைய வேண்டும் என்பது கணக்கு. 34சி, 36பி, 38ஏ மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 36பி எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் பேண்ட் கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். நம்மூரில் பல கம்பெனிச் சரக்கு பி கப்பில் மட்டுமே வருவதால் இந்தக் கணக்கு தினமும் கை கொடுக்கும்.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: புதுசை வெளி ஓரக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில் மாட்டும்போதே சரியாக இருக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும், அப்போது உள் கொக்கிக்குப் போகலாம். பின்பக்கப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். கையைத் தூக்கச் சொல்லுங்கள், கீழ்ப்பட்டை மேலே ஏறக் கூடாது.

படி 3: சரக்கு

புதிதாக வருகிறவர்களின் பணம் முடங்குவது இங்கேதான். கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு மாடல். 3 கலர், 30 முதல் 40 வரை 6 சைஸ், பி, சி, டி என 3 கப். மொத்தம் 54 வகை. அடக்க விலை 150 ரூபாய் என்று வைத்தால், வகைக்கு இரண்டு பீஸ் வாங்க 16,200 ரூபாய். இப்படி 5 மாடல் வைத்தால் 81,000 ரூபாய். இதில் ஜட்டி, சிம்மி, இன்ஸ்கர்ட், நைட்டி எதுவும் சேரவில்லை.

ஏஜென்ட் வந்து புது மாடல், புது கலர் என்று பெட்டி பெட்டியாக இறக்குவார். மறுத்துவிடுங்கள். மாடல் குறைவாகவும் சைஸ் முழுசாகவும் இருக்கட்டும். கலரில் ஸ்கின், வெள்ளை, கறுப்பு போதும். தொடக்கத்தில் ரவிக்கைக்குப் போடுகிற காட்டன் மாடல் ஒன்று, சுடிதாருக்கும் டீ-சர்ட்டுக்கும் மேலே தையல் தடம் தெரியாத மாடல் ஒன்று, ஸ்போர்ட்ஸ் ஒன்று, பாலூட்டும் தாய்மாருக்கான ஃபீடிங் ஒன்று, வயசுக்கு வருகிற பிள்ளைகளுக்கான பிகினர்ஸ் ஒன்று. மகப்பேறு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் ஃபீடிங் பிராவைக் கூடுதலாக வையுங்கள். அவசரத்துக்கு வருகிறவர்கள் அதற்குப் பேரம் பேச மாட்டார்கள்.

எல்லா சைஸிலும் ஒரே எண்ணிக்கை வாங்காதீர்கள். நடு சைஸ்கள் கூட, ஓர சைஸ்கள் கொஞ்சம். ஆனால் ஓர சைஸ் சுத்தமாக இல்லாமல் இருக்கக் கூடாது. 42டி கிடைக்காமல் ஊரெல்லாம் அலைந்த ஒருவருக்கு அது உங்களிடம் கிடைத்தால், அவர் அக்கா தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஜட்டி சென்டிமீட்டர் கணக்கில் 80, 85, 90, 95, 100 என்று வரும், பெட்டியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் நம்மூரில் தடித்த பேட் மாடல் நகராது, வேர்வையை உறிஞ்சுகிற காட்டன்தான் போகும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எது கேட்டு இல்லையென்று சொன்னீர்களோ அதைத் தேதியோடு எழுதுங்கள்: "36டி கறுப்பு, இல்லை." அடுத்த ஆர்டரை ஏஜென்ட்டின் கேட்லாக்கைப் பார்த்துப் போடாமல் இந்த நோட்டைப் பார்த்துப் போடுங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் விற்றதைத்தான் சொல்லும். விற்க முடியாமல் போனது அதற்குத் தெரியாது.

படி 4: ஆட்களும் ட்ரயல் ரூமும்

கவுன்ட்டரில் பெண்கள்தான் நிற்க வேண்டும். கணவரோ அண்ணனோ கணக்கைப் பார்க்கட்டும், சரக்கு எடுத்து வரட்டும். வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதலில் அளவெடுக்கச் சொல்லிக் கொடுங்கள், அப்புறம் பில் போட. உட்கார நாற்காலியும் கொடுங்கள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. கூட வருகிற கணவர்மாருக்கு வாசல் பக்கம் ஒரு பெஞ்சும் ஃபேனும் போடுங்கள். அவர் உள்ளே நின்று நெளிந்தால் அந்தம்மா அவசரமாக எதையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ட்ரயல் ரூமுக்குத் துணித் திரை போதாது. தாழ்ப்பாள் உள்ள கதவு, ஆளுயரக் கண்ணாடி, புடவையும் பையும் மாட்ட இரண்டு கொக்கி. கேமரா கல்லாவையும் வாசலையும் மட்டும் பார்க்கட்டும், ட்ரயல் ரூம் கதவுப் பக்கமே திரும்பக் கூடாது. பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். ரூம் மேல்தளத்தையும் கண்ணாடிக்குப் பின்புறத்தையும் தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு பெண் பணியாளர் பார்த்துவிட வேண்டும்.

ஜட்டியைப் போட்டுப் பார்க்கவும் திருப்பி வாங்கவும் முடியாது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பிராவை டேக் கிழியாமல் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் சைஸ் மாற்றித் தரலாம்.

படி 5: காகித வேலை

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடியும். பொருள் மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி கட்டாயம், ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், நம் சரக்கில் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் வரும். முதலுக்கு முத்ரா கடன் கேட்கலாம். சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை.

படி 6: வாடிக்கையாளர் திரும்பி வர

அளந்தவுடன் ஒரு சின்ன அட்டையில் சைஸ், கம்பெனி, மாடல், தேதி எழுதிக் கொடுங்கள். சம்மதித்தால் உங்கள் பக்கமும் குறித்து வையுங்கள். அடுத்த தடவை "அக்கா, எனக்குப் போன தடவை எடுத்ததே ரெண்டு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், பார்சல் போய்விடும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் விளம்பரத்துக்குத் தனியாகச் செலவே வேண்டாம் என்பது என் கட்சி.

பார்சலை வீட்டில் மாமனார்கூட கையெழுத்துப் போட்டு வாங்கலாம். கெட்டியான, உள்ளே தெரியாத கவர் போடுங்கள். மேலே கடைப் பெயர் மட்டும் இருக்கட்டும், படம் வேண்டாம். ஜிபே-யில் தெரிகிற பெயரும் அப்படியே. கடையில் கொடுக்கிற பைக்கும் இதே கணக்குதான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே தடை என்பதால் துணிப்பையோ தடித்த காகிதப் பையோ கொடுங்கள்.

சீசனைப் பொறுத்தவரை, தீபாவளிக்கு முந்தைய வாரங்களைச் சொல்லவே வேண்டாம். பலர் விட்டுவிடுவது ஜூன் மாதத்தை. பள்ளி திறக்கும்போது பிகினர்ஸ் பிரா, சிம்மி, பாவாடைக்கு உள்ளே போடுகிற ஷார்ட்ஸ் நன்றாகப் போகும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, தேங்கின சைஸ்களைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டு ஆவணிக் கல்யாணங்களுக்கு இடம் பண்ணுங்கள்.

படி 7: சொந்த லேபிள்

நோட்டும் சைஸ் அட்டைகளும் ஓராண்டாவது சேரட்டும். எந்த மாடல், எந்த சைஸ் மாதாமாதம் ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். உங்கள் பெயரில் முதலில் தைக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் திருப்பூர் காலையில் கிளம்பி வேலை முடித்து இரவுக்குள் திரும்பிவிடுகிற தூரம்தான். காதர்பேட்டையில் ரெடி சரக்கு கிடைக்கும், அது லேபிளுக்கு உதவாது. அடுத்த முறை அதே துணி, அதே அளவு வராது. ஜாப் ஒர்க், அதாவது நீங்கள் சொல்கிற மாதிரி கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டைப் பிடியுங்கள். பிராவில் சின்னச் சின்னத் துண்டுகள் அதிகம், தையல் நுணுக்கம். அதனால் ஜட்டி, சிம்மியில் தொடங்குங்கள், பிராவுக்கு அப்புறம் போகலாம்.

சாம்பிள் வந்ததும் விற்பனைக்கு வைக்காமல் நீங்களும் கடைப் பெண்களும் உடுத்துத் துவைத்துப் பாருங்கள். ஒன்றைத் துவைப்பதற்கு முன் அளந்து, பத்துத் துவைப்புக்குப் பின் மறுபடி அளந்தால் துணி எவ்வளவு சுருங்கியது, எலாஸ்டிக் எவ்வளவு தளர்ந்தது என்று தெரியும். லேபிள் கழுத்தில் குத்துகிறதா என்றும் பாருங்கள், அச்சடித்த லேபிளாகப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

பெயரை டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள். ஆடைக்கு 25-ஆம் வகுப்பு, கடை விற்பனைக்கு 35. தனிநபரும் சிறுதொழில் செய்பவரும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பின்பு புதுப்பிக்கலாம். ஒரு விஷயம், மதுரைக்காரர்களுக்கு எதைத் தொடங்கினாலும் மீனாட்சி பெயர்தான் வாயில் வரும். இந்தத் தொழிலுக்கு சாமி பெயர் வேண்டாம். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவகம் மறுக்கலாம், வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார்.

படி 8: இரண்டாவது கடை

நீங்கள் ஒரு வாரம் கடைக்கு வராமல் இருந்து பாருங்கள். அளவெடுப்பது, நோட்டு எழுதுவது, பார்சல் அனுப்புவது மூன்றும் தடையில்லாமல் நடந்தால் இரண்டாவது கடைக்கு நேரம் வந்துவிட்டது. நடக்கவில்லையென்றால் இன்னும் ஓர் ஆளைப் பழக்குங்கள்.

பழகின பெண் ஒருவரைப் புதுக் கடைக்குப் பொறுப்பாக அனுப்புங்கள், புது ஆளைப் பழைய கடையில் சேருங்கள். திருமங்கலம், மேலூர் மாதிரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வருகிற ஊராக இருந்தால், அங்கே தேங்கின 32-ஐ இங்கேயும் இங்கே தேங்கின 40-ஐ அங்கேயும் வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கடைக்கும் பில்லிங்கில் ஒரே ஐட்டம் கோடு வையுங்கள். ஆளுக்கொரு பெயரில் ஏற்றினால் எந்த சைஸ் எங்கே கிடக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.