இருமொழி வகுப்பைத் தொடங்கும் அதிபருக்கு

தரம் 6இல் இருமொழி வகுப்பு, அதாவது சில பாடங்களை ஆங்கிலத்திலும் மற்றவற்றைத் தமிழிலும் நடத்தும் வகுப்பு, தொடங்க வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுமுன் ஆசிரியர் பட்டியலை எடுத்து மேசையில் வையுங்கள். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படிப்பிக்கக்கூடியவர்கள் பாடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்களா? ஒருவரை மட்டும் நம்பித் தொடங்கினால், அவருக்கு இடமாற்றம் வந்த கிழமையே வகுப்பு படுத்துவிடும். தரம் 8இல் பாதி வழியில் தமிழுக்குத் திரும்பும் பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் கலைச்சொல் இருக்காது. இலங்கையில் இத்திட்டம் 2001இல் உயர்தர வகுப்பில் தொடங்கிக் கீழே வந்தது. அன்று முதல் இன்றுவரை முதல் தட்டுப்பாடு ஆசிரியர்தான்.

முதல் வருடம் இந்த இரண்டு பாடமும் போதும். கணிதத்தில் குறியீடு பாதிச் சுமையைத் தூக்கும். விஞ்ஞானத்தில் பொருளைக் காட்டிப் பேசலாம். புவியியலை அடுத்த வருடம் படத்தோடு சேருங்கள். குடியியல் நீண்ட விடை கேட்கும் பாடம், அவசரப்படவேண்டாம். சமயம், தாய்மொழி, வரலாறு மூன்றும் தமிழிலேயே நடக்கும்.

நேரசூசியைப் பிரதி அதிபரிடம் விட்டாலும் மூன்று விஷயத்தை நீங்களே பாருங்கள். ஆங்கிலமூலப் பாடத்தைக் கடைசிப் பாடவேளையில் போடக்கூடாது. இரண்டாம் மொழியில் காது கொடுத்துக் கேட்பது களைப்பான வேலை. மதியம் ஒரு மணிக்குப் பிள்ளையின் தலை நிற்காது. இப்படிப்பட்ட பாடங்கள் மூன்று அடுத்தடுத்து வரக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: பிந்திப்போன விஞ்ஞானத்தை முடிக்க ஒருவரும் தமிழ்ப் பாடவேளையைக் கடன் வாங்கக்கூடாது. தமிழில் ஒரு பந்தியை வாசித்துச் சுருக்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஆங்கிலத்திலும் வராது.

ஒரு 40 நிமிடப் பாடத்தை இப்படிப் பிரிக்கச் சொல்லலாம். முதல் 5 நிமிடம் தமிழில், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டெடுப்பது. அடுத்த 20 நிமிடம் ஆங்கிலத்தில், கையில் பொருளோ கரும்பலகையில் படமோ இருக்க. 10 நிமிடம் சோடியாகப் பேசல், எந்த மொழியிலும். கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் எழுதவேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த 20 நிமிடத்தில். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லி உடனே அதையே தமிழில் சொல்வார். ஒரு மாதத்தில் பிள்ளைகள் ஆங்கில வசனம் முடியும்வரை சும்மா இருந்துவிட்டுத் தமிழுக்குக் காது கொடுக்கப் பழகிவிடுவார்கள். மறுபக்கம், தமிழ் பேசினால் தண்டம் என்று வைக்கும் ஆசிரியரும் உண்டு. அந்த வகுப்பு அமைதியாக இருக்கும். யன்னலால் பார்க்கும் அதிபர் நல்ல ஒழுங்கு என்று நினைத்துப் போய்விடுவார். உள்ளே போய்ப் பின்வாங்கில் 10 நிமிடம் இருந்து, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டுங்கள். கரும்பலகையில் உள்ளது அப்படியே இருந்து, பிள்ளை தானாக எழுதிய வசனம் ஒன்றும் இல்லாவிட்டால் அங்கே பாடம் நடக்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளையிடமும் கலைச்சொல் கொப்பி ஒன்று வேண்டும், மூன்று நிரலாக: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பிள்ளை சொந்தமாக எழுதும் வசனம் அல்லது படம். கிழமைக்கு 6 முதல் 8 சொல், அதற்கு மேல் ஏற்றினால் மனப்பாடமாகிவிடும். சிங்களமூலப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் பாடசாலையில் சிங்களச் சொல்லுக்கு நாலாவது நிரல் போடுங்கள்.

தமிழ் நிரலை நிரப்பும்போது நமது பாடநூலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ், அங்கேதான் பொறி. ‘மாஸ்’ நமக்குத் திணிவு, ‘வெயிட்’ நிறை. அங்கே ‘மாஸ்’தான் நிறை, ‘வெயிட்’ எடை. ‘ஸ்பீட்’ நமக்குக் கதி, ‘வெலோசிட்டி’ வேகம். அங்கே ‘ஸ்பீட்’தான் வேகம், மற்றது திசைவேகம். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை என்று வந்தால் பிள்ளை எப்படியோ பிடித்துக்கொள்ளும். நிறை, வேகம் இரண்டும் அப்படியில்லை: சொல் ஒன்று, பொருள் வேறு. கொப்பியில் ‘மாஸ் – நிறை’ என்று ஏறிவிட்டால், நமது நிறை நியூட்டனில் அளப்பது என்பதால் பிள்ளை கிலோகிராமில் எழுதவேண்டியதை நியூட்டனில் எழுதும். ஆசிரியர் அதை ஆங்கிலப் பிழை என்று நினைத்துத் திருத்துவார்.

தவணைப் பரீட்சையில் புள்ளி விழுந்தால் காரணம் மொழியா, பாடமா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அதே அலகில் 10 கேள்வியை ஒரு கிழமை ஆங்கிலத்திலும், எண்ணை மாற்றி அடுத்த கிழமை தமிழிலும் கொடுங்கள். இரண்டிலும் பிழை என்றால் பாடத்தைத் திரும்பப் படிப்பிக்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பிழை என்றால் முதலில் ஏவற்சொற்களை, அதாவது கேள்வி என்ன செய்யச் சொல்கிறது என்று காட்டும் சொற்களைப் பாருங்கள். ‘ஸ்டேட்’ (சுருக்கமாகக் கூறு) என்று கேட்டதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதிவிட்டு, ‘எக்ஸ்ப்ளெயின்’ (விளக்கு) என்ற இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிற்கும் பிள்ளைகள் அனேகம். விஞ்ஞான விடையில் இலக்கணப் பிழைக்குப் புள்ளி வெட்டவே கூடாது. வெட்டினால் பிள்ளை எழுதுவதைக் குறைத்துக்கொள்ளும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை வைத்து ஆள் பொறுக்கி ‘ஏ’ பிரிவு என்று பெயர் போடாதீர்கள். மற்றப் பிரிவுகளின் பெற்றோர் அடுத்த நாளே வாசலில் நிற்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம். விருப்பம் கேட்டு, எளிய வாசிப்புச் சோதனை ஒன்று வைத்துச் சேருங்கள். ஆங்கிலமூலப் பாடவேளைக்கு மட்டும் பிரித்து, மற்ற நேரம் எல்லாப் பிரிவும் கலந்திருக்க விடலாம்.

தரம் 9இன் கடைசித் தவணையில் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருடனும் தனித்தனியே இருந்து, சாதாரண தரத்துக்கு எந்தப் பாடம் எந்த மொழியில் என்று முடிவு செய்யுங்கள். கணிதத்தை ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்தைத் தமிழிலும் எடுக்க ஒரு பிள்ளை விரும்பினால் அது தோல்வியில்லை. முடிவை எழுதிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கிக் கோவையில் போடுங்கள். தரம் 11இல் பரீட்சை விண்ணப்பம் உங்கள் கையொப்பத்தோடுதான் போகும். ஒப்பமிடுமுன் மொழிமூல நிரலைக் கோவையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.