அறிவுசார் சொத்துரிமைச் சட்டம்: மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவரிடம், "என் நண்பன் மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கப் போகிறான், என்ன செய்யணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "பேருக்கு காப்பிரைட் வாங்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தால், ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தும் அடிப்படை பதியவில்லை என்று அர்த்தம். பெயருக்கு காப்பிரைட் கிடையாது. ஒரு தலைப்பில் மட்டும் காப்பிரைட் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு சினிமாத் தலைப்பு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெயர் டிரேட்மார்க் விஷயம். அந்தப் பொட்டலத்தின் மேல் இருக்கும் ஓவியம் காப்பிரைட். ஜாடியின் வடிவம் டிசைன் சட்டத்தில் வரும். அரைக்கும் இயந்திரத்தில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அதற்குப் பேட்டன்ட். பாட்டியின் கைப்பக்குவம் வெளியே தெரியாமல் இருக்கும்வரை வியாபார ரகசியம். அதற்கு இங்கே தனிச் சட்டமே கிடையாது. ஒப்பந்தத்தை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரே பொட்டலத்தில் இத்தனை உரிமை. ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு ஆயுள். பேட்டன்ட் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. டிசைன் 10 ஆண்டு, மேலே 5 நீட்டிக்கலாம். டிரேட்மார்க் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஓர் எழுத்தாளரின் காப்பிரைட் அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும். 'ஐபி ரைட்ஸ்' (அறிவுசார் சொத்துரிமை) என்று ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் பேசிப் பழகுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மூலம். எந்த உரிமை, யாருடையது, எப்போதிலிருந்து, எந்த நாட்டில் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் எந்தத் தேர்வுக் கேள்வியையும் தொடக் கூடாது.

சரி, பெயர் டிரேட்மார்க் என்று தெரிந்துவிட்டது. அடுத்த சறுக்கல், எந்தச் சொல்லையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்டு விற்ற ஐடிசி, 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லே மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020-இல் வழக்கு தள்ளுபடியானது. 'மேஜிக்' என்பது பொருளைப் புகழ்ந்து சொல்லும் சொல், வியாபாரத்தில் எல்லோரும் புழங்குவது, 'மசாலா'வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; இரண்டையும் சேர்த்து ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சாரம். பொருளின் குணத்தைச் சொல்லும் பெயரை விரும்பும் கட்சிக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பெயர் எவ்வளவு பலவீனமானது என்று எடுத்துச் சொல்வது வக்கீலின் வேலை.

பதிவு பற்றிய குழப்பம் தனி. காப்பிரைட்டுக்குப் பதிவு கட்டாயமில்லை. படைத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவுச் சான்றிதழ் ஒரு முதற்கட்ட ஆதாரம்தான். கதையை எழுதி, தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த உறை எந்த உரிமையையும் தராது. தேதியைக் காட்ட ஒரு சாட்சியமாக முன்வைக்கலாம், அவ்வளவுதான். அதுவும் உறைக்குள் இருப்பது அன்றைக்கு வைத்ததுதானா என்ற குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். டிரேட்மார்க்கில் கதை வேறு. பதிவு பலம்தான், ஆனால் பதிவு செய்தவருக்கு முன்பே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. கம்பெனிப் பெயர் பதிவாகிவிட்டது, ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று, டொமைன் வாங்கியாயிற்று, அதனால் பெயர் என்னுடையது என்பதும் தவறு. இவை எதுவுமே டிரேட்மார்க் ஆகாது. விண்ணப்பம் போட்ட மறுநாளே பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடுவதும் கூடாது. அது பதிவான குறிக்கு மட்டும். அதுவரை டிஎம் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது யூடியூப் பக்கம் வருவோம். மாணவர்களில் பலர் இந்தப் பாடத்தை அமெரிக்க வீடியோக்களில்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் விடைத்தாளில் 'ஃபேர் யூஸ்', அதாவது நியாயமான பயன்பாட்டுக்கு அனுமதி வேண்டாம் என்ற வாதம், தாராளமாக வருகிறது. அது அமெரிக்கச் சட்டத்தின் சரக்கு. நான்கு அம்சங்களை எடைபோட்டு நீதிமன்றம் முடிவெடுக்கும் திறந்த அளவுகோல் அது. நம்முடைய 1957 காப்பிரைட் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படி இல்லை. எவை எவை மீறல் ஆகாது என்று நீளமான பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி, வகுப்பறைக் கற்பித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உட்பிரிவு. உங்கள் சூழ்நிலை எந்த உட்பிரிவில் உட்காருகிறது என்று காட்டியாக வேண்டும். '30 விநாடிக்குள் பாட்டுப் போட்டால் பரவாயில்லை' என்ற விதி எந்தப் பிரிவிலும் இல்லை. வீடியோவுக்குக் கீழே உரிமையாளருக்கு நன்றி என்று எழுதிவிட்டால் மீறல் மறைந்துவிடும் என்பதும் இல்லை. நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

52-ஆம் பிரிவைப் புரிந்துகொள்ள டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பரிந்துரைத்த புத்தகங்களிலிருந்து சில பகுதிகளை எடுத்து, பாடத் தொகுப்பாக ஜெராக்ஸ் போட்டு மாணவர்களுக்கு விற்றது ஒரு கடை. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு 'எந்தப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாம்' என்று எழுதுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில், மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதி அமர்வான டிவிஷன் பெஞ்ச், கற்பித்தலின் போக்கில், அந்தக் கற்பித்தலுக்குத் தேவையான அளவுக்கு நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதை ஏற்றது. ஆனால் அந்தத் தொகுப்பில் சேர்த்த பகுதிகள் உண்மையிலேயே அந்தப் பாடத்துக்குத் தேவையானவைதானா என்பதைச் சாட்சியம் வைத்துத் தீர்மானிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. பிறகு பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன. கல்லூரி வாசலில் முழுப் புத்தகத்தையும் அட்டை போட்டு விற்பவருக்கு இந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது.

பாரதி பாடல் விஷயத்திலும் இதே மாதிரிப் பாதி உண்மை உலவுகிறது. பாரதியின் எழுத்து 1949-இல் நாட்டுடைமையாகி, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, உண்மை. யாரும் அச்சிடலாம், பாடலாம். ஆனால் போன வருடம் ஒருவர் அதற்குப் புதிய மெட்டமைத்துப் பதிவு செய்திருந்தால், அந்த மெட்டிலும் ஒலிப்பதிவிலும் புதிய உரிமைகள் இருக்கின்றன. வரிகள் இலவசம் என்பதால் ஒலிப்பதிவும் இலவசம் ஆகிவிடாது. சினிமாப் பாட்டில் இது இன்னும் சிக்கல்: வரி ஒருவருடையது, இசை ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையது, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை வேறு. 'பாட்டு யாருக்குச் சொந்தம்' என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும்போது கேள்வியே தவறு என்று சொல்லத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. காப்பிரைட் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படியுங்கள்: உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நண்பனின் கடைக்கு லோகோ வடிவமைத்துக் கொடுத்த ஃப்ரீலான்ஸ் டிசைனர், எழுதிக் கொடுக்காதவரை, பணம் வாங்கியிருந்தாலும் பொதுவாக அந்த லோகோவின் காப்பிரைட் உரிமையாளராகவே இருக்கிறார். கடைக்காரருக்கு இது தெரிய வரும் நாள் பெரும்பாலும் மோசமான நாளாகத்தான் இருக்கும்.

பேட்டன்ட் பாடத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவதும், பலர் தவறாகச் சொல்வதும் நோவார்டிஸ் வழக்கு. 'மருந்துக்கு இந்தியா பேட்டன்ட் தராது' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் இங்கே பேட்டன்ட் உண்டு. நோவார்டிஸ் கேட்டது ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு. விண்ணப்பம் 1998-இல் சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் போடப்பட்டது, 2006-இல் நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக்கு அடிப்படையான, பேட்டன்ட் சட்டத்தின் 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2007-இல் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்தப் பிரிவின்படி, ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் ஆற்றலைக் கூட்டிக் காட்டினால்தான் பேட்டன்ட் பெறும். மருந்து என்றால் அந்த ஆற்றல் நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. நிலையாக இருக்கிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது என்பதெல்லாம் போதவில்லை. இந்த நுணுக்கம்தான் வழக்கின் உயிர்.

இன்னொன்று, மஞ்சள். 'மஞ்சளுக்கு அமெரிக்கா பேட்டன்ட் வாங்கிவிட்டது' என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1995-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது காயத்துக்கு மஞ்சள் போடும் முறைக்கான பேட்டன்ட். நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை ஆதாரமாக வைத்து எதிர்த்ததில் 1997-இல் அது ரத்தானது. கோபப்பட வேண்டிய கதையாக மட்டும் இதைச் சொல்கிறோம். ஏற்கெனவே அச்சில் இருப்பதைக் காட்டி ஒரு பேட்டன்டை எப்படிச் சாய்ப்பது என்பதற்கான மாதிரி இது.

பொறியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு, அப்புறம் பேட்டன்ட் போடலாம் என்பது இங்கே ஆபத்து. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் பொதுவாகவே உண்டு. இந்தியாவில் அது குறிப்பிட்ட சில சூழ்நிலைகளுக்கு மட்டும். முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தருவதே பாதுகாப்பு. இன்டர்ன்ஷிப் போன இடத்தில் பார்த்த கண்டுபிடிப்பைப் பற்றி 'இன்று ஒரு சுவாரசியமான விஷயம் கற்றேன்' என்று லிங்க்ட்இன்னில் எழுதுபவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விண்ணப்பம் போகும் முன் அந்தப் பதிவு வெளிவந்தால், கட்சிக்காரரின் கண்டுபிடிப்பு புதியது என்பதையே எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கும்.

படிக்கும் முறையில் இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, தீர்ப்புக்கு மேலே அச்சிடும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்ததாகச் சொல்வது. ஹெட்நோட் எழுதுவது நீதிபதி அல்ல, பதிப்பாளரின் ஆள். தீர்ப்புத் தொகுப்புகளை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே அதுதான்: தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது, பதிப்பாளர் தன் திறமையால் சேர்த்ததில்தான் அவருக்கு உரிமை. இப்போது ஹெட்நோட்டுக்குப் பதில் ஏஐயிடம் கேட்கிறார்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இரண்டாவது, சீனியரிடம் வாங்கிய பழைய நோட்ஸ். அதில் மேல்முறையீடு ஐபிஏபிக்கு (அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) என்று இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்தத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பிவிட்டன, சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பேட்டன்ட் பரிசோதனைக்கு விண்ணப்பிக்க 48 மாதம் என்று நோட்ஸ் சொல்லும். 2024 விதிகளுக்குப் பிறகு புதிய விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். தேதி தவறினால் விண்ணப்பத்தை விண்ணப்பதாரரே விலக்கிக்கொண்டதாகக் கருதப்படும்.

இந்தத் துறை வக்கீல் என்றால் எப்போதும் பெரிய நிறுவனங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவர் என்ற கற்பனையும் உண்டு. வேலையில் பெரும்பகுதி தேடுவது, படிவம் போடுவது, பதிவு அலுவலகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதுவது, தேதி பார்ப்பது. வழக்கு வந்தாலும் பெரும்பாலும் இடைக்காலத் தடையிலேயே பாதி முடிந்துவிடும். பஜாஜும் டிவிஎஸ்ஸும் இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காகச் சென்னையில் மோதியதைப் பாருங்கள். 2008-இல் பஜாஜுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது, 2009-இல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போனது இடைக்கால உத்தரவுதான். இப்படிப்பட்ட வழக்குகளைத் தினமும் விசாரித்துச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று அங்கே சலித்துக்கொண்டே சொன்னார்கள். மனு எழுதும் திறமை, முதல் நாள் கொடுக்கும் ஆவணங்கள், இவைதான் இந்தக் கட்டத்தில் பேசும்.

வக்கீல் நோட்டீஸைச் சும்மா மிரட்டலுக்கு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால், நோட்டீஸ் வாங்கியவர் அதையே காரணமாக வைத்து வழக்குப் போட பேட்டன்ட், காப்பிரைட், டிரேட்மார்க் சட்டங்கள் மூன்றிலும் வழி இருக்கிறது. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவையும் மறக்க வேண்டாம்: அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரச முயற்சிக்குப் போயே ஆக வேண்டும்.

'எனக்கு அறிவியல் பட்டம் இல்லை, இந்தத் துறை வேண்டாம்' என்று ஒதுங்குவதும் தேவையில்லாத பயம். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வுக்குத்தான் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். டிரேட்மார்க், காப்பிரைட், புவிசார் குறியீடு எதற்கும் வேண்டாம். புவிசார் குறியீட்டுப் பதிவகம் நாடு முழுவதற்கும் சேர்த்துக் கிண்டியில்தான் இருக்கிறது. சென்னை மாணவருக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

மூன்றாம் ஆண்டிலேயே 'ஐபி கன்சல்டன்சி' என்று இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து ஆட்களைப் பிடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி 36 தடை போடுகிறது; வக்கீலாக என்ரோல் ஆகும் முன்பே அந்தப் பழக்கத்தை ஏன் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்? அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. டிரேட்மார்க் ஜர்னல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாக வெளியாகிறது. அதில் ஒரு குறியை எடுத்து, யார் எதிர்க்கலாம், எந்தப் பிரிவில், என்ன ஆதாரத்தோடு என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எதிர்ப்பு மனுவுக்கு 4 மாதம் அவகாசம். அதற்குள் யாராவது உண்மையிலேயே எதிர்த்தால் அந்த ஆவணமும் அதே தளத்தில் விண்ணப்ப எண்ணுக்குக் கீழே வந்துவிடும். உங்கள் பக்கத்தை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.