அளவைச் சொற்களை ஹங்கேரியனுக்குக் கொண்டுபோகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு புதுப் பையன் மொழிபெயர்த்த காபி இயந்திரக் கையேட்டைச் சரிபார்த்தேன். 'ஸ்கேல்' வந்த இடமெல்லாம் 'மேர்லெக்' என்று போட்டிருந்தான். மேர்லெக் என்றால் தராசு. மாதம் ஒருமுறை இயந்திரத்துக்குள் இருக்கும் தராசைக் கரைத்து அகற்ற வேண்டுமாம்! சிரித்தேன், ஆனால் ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மைலைக் கிலோமீட்டராக மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

ஸ்கேல்

எடை பார்க்க மேர்லெக். வெப்பமானியின் கோடுகளுக்கு ஷ்காலா. வரைபடத்துக்கு மேரெத்அராஞ். பாத்திரத்தில் படியும் உப்புக்கு வீஸ்கோ, அதாவது 'நீர்க்கல்'. பையனுக்கு வேண்டியிருந்தது இந்தக் கடைசிச் சொல்தான்.

கேலிப்ரேஷன்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். கடைத் தராசு ஒன்றின் கையேட்டில், பொத்தானை அழுத்திப் படிக்கல்லை வைத்தால் தராசு தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று ஒரு பகுதி. தலைப்பு 'கேலிப்ரேஷன்'. அகராதியைப் புரட்டி, கம்பீரமாகத் தெரிந்த 'ஹித்தெலெஷீத்தேஷ்' என்ற சொல்லைப் போட்டேன். அச்சாகி வந்த பிறகு விற்பனையாளர் கூப்பிட்டார்: "அப்போ கடைக்காரரே தன் தராசுக்கு அரசு முத்திரை போட்டுக்கொள்ளலாமா?"

அந்தச் சொல்லின் பொருள் அதுதான். ஹங்கேரியில் 1991ஆம் ஆண்டின் 45ஆம் சட்டம் அளவியலுக்கானது. அதன்படி வியாபாரத் தராசு, வீட்டுத் தண்ணீர் மீட்டர் போன்றவற்றைச் சோதித்து முத்திரையிடும் சட்டபூர்வமான வேலைக்குப் பெயர் ஹித்தெலெஷீத்தேஷ். நம் ஊரில் தராசுக்கு முத்திரை வைப்பார்களே, அது. கலிப்ராலாஷ் வேறு: கருவி காட்டுவதற்கும் உண்மை அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்துப் பதிவு செய்வது. கருவியில் கை வைப்பதில்லை. பொத்தானை அழுத்தித் திருத்துவதோ மூன்றாவது வேலை. தராசுக்காரர்கள் அதை யுஸ்தீரோஸாஷ் என்பார்கள். ஆங்கிலக் கையேடுகள் இதையும் கேலிப்ரேஷன் என்றே எழுதிவைக்கின்றன. அதனால் சொல்லைப் பார்க்காதீர்கள், பொத்தான் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மறு அச்சுக்கான பணம் என் கூலியிலிருந்து போயிற்று. முத்திரை வைத்த மொழிபெயர்ப்புக்கு அங்கே 'ஹித்தெலெஷ்' மொழிபெயர்ப்பு என்றுதான் பெயர். தினமும் காதில் விழும் சொல். அதிலேயே கோட்டை விட்டேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

பில்லியன்

மில்லியார்த். 'பில்லியோ' என்றால் ஆயிரம் மடங்கு கூடிவிடும்.

காற்புள்ளி

ஹங்கேரியனில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. ஆங்கிலத்தின் 1,500 கிராமை அப்படியே விட்டால் அங்கே ஒன்றரை கிராம்.

எண்ணுக்குப் பின் பன்மை

வேண்டாம். நாம் 'ஐந்து கிலோ' என்பது போலத்தான்.

மீட்டர்

நீளத்துக்கு மேத்தெர். தண்ணீர் அளக்கும் கருவிக்கு ஆவணத்தில் வீஸ்மேரோ. ஆனால் ஜனங்கள் வாயில் அது வீஸோரா, 'தண்ணீர்க் கடிகாரம்'. குடியிருப்போருக்கான அறிவிப்பென்றால் நான் கடிகாரத்தையே எழுதுவேன். ஒப்பந்தத்தில் எழுத மாட்டேன்.

கிராம்

பொட்டலத்தின் மேல் 200 கிராம் என்றே இருக்கட்டும். கதாபாத்திரம் கடையில் சாசேஜ் கேட்கிறதா? அப்போது 'ஹூஸ் டெகா', இருபது டெகா. டெகா என்றால் பத்துக் கிராம்.