புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: தங்கமுலாம் புத்தர் சிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளம் போய்வந்த என் உறவினர் ஒருவர் அங்கிருந்து ஒரு சாண் உயரத்தில் பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை ஒன்று வாங்கி வந்தார். ஒரு காலை மடித்து ஒரு காலைக் கீழே நீட்டி உட்கார்ந்திருக்கும், ‘பச்சைத் தாரா’ என்று பெயருள்ள வடிவம். உடம்பெல்லாம் பொன், முகத்தில் மெல்லிய கோடாகக் கண்ணும் உதடும். ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்தபோது குத்துவிளக்கு, சொம்பு, மணியோடு அதையும் சேர்த்துப் புளி போட்டு விளக்கிவிட்டார்கள். முகம் போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, கண்ணும் இல்லை உதடும் இல்லை, மொட்டையாக ஒரு மூக்கு மட்டும் இருந்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாமி சிலை என்றால் நமக்குப் பஞ்சலோகம், பித்தளை, அதற்குப் புளி, எலுமிச்சை, பால், தேன் எல்லாம் ஊற்றலாம் என்றுதான் கை பழகியிருக்கிறது. ஆனால் காத்மாண்டு பள்ளத்தாக்கில் செய்யப்படும் இந்தச் சிலைகள் வேறு ஜாதி. இவற்றின் தாய்வீடு லலித்பூர், பழைய பெயர் பாடன் (பாட்டன் என்று எழுதினால் தாத்தா ஆகிவிடுகிறார்). அங்கே ஒகுபஹால் பக்கம் நேவார் இனத்து ஷாக்யா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்கின்றன. கடைகளில் ‘திபெத் சிலை’ என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி இவர்கள் கையால் ஆனதுதான். 13ஆம் நூற்றாண்டிலேயே அர்னிகோ என்ற நேவார் கலைஞர் திபெத் போய், அங்கிருந்து மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவை வரை போனார், பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளைத் தூபி அவர் கட்டியது.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே புரியும். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்து, மேலே களிமண், சாணி, உமி கலந்த பூச்சைப் பல தடவை ஏற்றிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய செம்பை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையிலும் மெழுகுதான், ஆனால் அங்கே பெரும்பாலும் கனமாக வார்ப்பார்கள், இங்கே உள்ளே கூடு. அதனால் கையில் தூக்கிப் பார்த்து “வெயிட்டே இல்லையே, போலி” என்று திருப்பி வைப்பது தவறு. கூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வார்த்தபின் உளியால் தட்டிச் செதுக்குவதில்தான் நாள்கணக்கு ஓடுகிறது. அதற்குப் பிறகு பொன். தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்து அரைத்தால் வெண்ணெய் பதத்தில் ஒரு கலவை வரும். சுத்தம் செய்த செம்பின்மேல் அதைத் தேய்த்ததும் சிலை வெள்ளி மாதிரி வெளுத்து நிற்கும், தங்கத்தின் சாயலே இருக்காது. நெருப்பைக் காட்டக் காட்டப் பாதரசம் ஆவியாகப் பறந்து (357 டிகிரியில் கொதித்துவிடும்), மங்கலான மஞ்சள் மட்டும் செம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெருகுக் கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்த்தபின்தான் அந்தப் பளபளப்பு. இதற்குச் சுத்தமான செம்புதான் தோது, ஈயம் அதிகம் கலந்த உலோகத்தில் இது சரியாக அமையாது. ஆகவே நாள்பட்டுத் தேய்ந்த முழங்காலிலோ விரல்நுனியிலோ செம்பின் சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், மஞ்சளாகத் தெரிந்தால் அடியில் இருப்பது பித்தளை என்று சந்தேகப்படுங்கள். சில சிலைகளில் வேண்டுமென்றே ஒரு பகுதிக்கு மட்டும் பொன் ஏற்றி மீதியைச் செம்பின் பழுப்பிலேயே விடுவார்கள், அதைப் பார்த்து முலாம் உரிந்துவிட்டது என்று சண்டை போடாதீர்கள்.

மின்முலாம் பூசியதும் இதே கடைகளில் கிடைக்கும். அதிலும் தங்கம் இருக்கலாம், படலம் மெலிது, விலையும் குறைவு. எது எது என்று நேராகக் கேளுங்கள், நெருப்பில் ஏற்றியதன் விலை கொடுத்து மின்முலாம் வாங்குவதுதான் ஏமாற்றம். ஆனால் “எனக்குப் பாதரச முலாம்தான் வேண்டும்” என்று அடம்பிடிப்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம், அந்தப் புகையை யாரோ ஒருவர் சுவாசித்துதான் நமக்கு அந்த மினுமினுப்பு வருகிறது. புகைபோக்கி வைத்துப் பாதுகாப்பாகச் செய்யும் பட்டறையா என்று விசாரிப்பதில் தப்பில்லை.

சரி, முகத்துக்கு வருவோம். உடம்பு நெருப்பில் ஏறிய பொன், ஆனால் பல சிலைகளில் முகத்தின் மேல் தங்கப்பொடியைத் தோல் காய்ச்சிய வச்சிரப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசுவார்கள், கண்ணும் உதடும் அதற்கு மேல் வரைவது. அந்தப் பசை தண்ணீரில் கரையும். அபிஷேகம், ஈரத்துணி, சந்தனம், குங்குமம் எதுவும் முகத்துக்கு ஆகாது. முகத்துக்கு நேராக எண்ணெய் விளக்கை வைத்தால் புகைக்கரி படியும், அதைத் துடைக்கப் போனால் மறுபடியும் பழைய கதை. தங்கம் தானாகக் கறுக்காது, எனவே பாலிஷ் போட வேண்டிய தேவையே இல்லை. காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மங்கிவிட்டதே என்று உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து மறுமுலாம் போடுவது இதைவிட மோசம், திரவத்தில் முக்கி எடுத்தால் முகமும் போகும், உள்ளே இருப்பதும் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது? அதற்குத்தான் அந்தக் கூடு. திபெத்திய வழக்கில் மந்திரம் எழுதிய தாள்களைச் சுருட்டி அடைத்து, நடுவில் உயிர்த்தண்டாக ஒரு மரக்குச்சியை நிறுத்தி, தானியம், நறுமணப் பொருள், கிடைத்தால் புனித எச்சங்கள் வைத்து, இரட்டை வஜ்ரம் (குறுக்காக வைத்த இரண்டு வஜ்ராயுதங்கள்) செதுக்கிய தகட்டால் அடியை மூடிச் சடங்கு செய்வார்கள். அதுவரை அது நல்ல வேலைப்பாடுள்ள செம்பு, அவ்வளவுதான். பொன்னுக்கும் காரணம் இருக்கிறது, மகாபுருஷரின் 32 லட்சணங்களில் பொன்னிற மேனியும் ஒன்று, பணக்காரத்தனம் காட்ட அல்ல. எனவே கடையில் வாங்கிய கையோடு ‘உயிர் ஏற்றிய சிலை’ என்று நம்புவது ஒரு தவறு, மூடிய அடித்தகட்டை ஆர்வக்கோளாறில் ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது இன்னொரு தவறு. இரண்டாவதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

யார் சிலை என்று தெரியாமல் வாங்குவதும் சகஜம். இடக்கையில் பாத்திரம் இருந்தால் எல்லாம் சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தர், இல்லை. வலக்கை தரையைத் தொட்டால் அவர். அதே கை முழங்கால்மேல் ஒரு செடித்தண்டைப் பிடித்திருந்தால் மருத்துவப் புத்தர், அது நம் கடுக்காய்தான். தொப்பையைத் தடவிச் சிரிப்பவர் புத்தரே அல்ல, சீனத்துத் துறவி.

அப்புறம் ‘இருநூறு வருஷப் பழசு’ என்று யாராவது காதோடு சொன்னால் நகர்ந்துவிடுங்கள். உண்மையாக இருந்தால் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை நேபாளத்திலிருந்து வெளியே எடுத்துப்போக முடியாது, பொய்யாக இருந்தால் புகையும் அமிலமும் ஏற்றிய புதுசு. புதிய சிலைக்கும் அந்நாட்டுத் தொல்லியல் துறையின் சான்று வேண்டும், வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல்.

அந்தத் தாராவுக்கு இன்னும் வழி இருக்கிறது. முகம் மட்டும் எழுதித் தருபவர்கள் அங்கே தனியாக இருக்கிறார்கள். அடுத்து யாராவது காத்மாண்டு போகும்வரை அவள் பீரோவில், பருத்தித் துணிக்குள்.