மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக்: எங்கே சறுக்குகிறார்கள்?

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு, முன்சக்கரத்தின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டுவிடலாமா என்ற யோசனை ஒருநாள் வந்தே தீரும். ஆசையில் தப்பில்லை. 1948-இல் அறிமுகமான வண்டி. 1962-இல் 1098 சிசி எஞ்சின் வரும்வரை முன்னால் வெறும் 7 அங்குல டிரம்தான், அதற்குப் பிறகு 8 அங்குலம். இன்றைய டிராஃபிக்கில் முன்னால் போகிற கார் சட்டென்று நின்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் டிஸ்க்குக்கு மாற்றும் கிட் வாங்கும் முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. இருக்கிற டிரம் சரியாக வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை), அவற்றைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டர், இடைவெளியைச் சரிசெய்யும் இரண்டு அட்ஜஸ்டர். டிரம்மில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, சக்கரம் இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்வாங்க வேண்டும். பலரும் ஒன்றை மட்டும் திருகிவிட்டு எழுந்துவிடுவார்கள். பாதி பிரேக்கோடு ஓட்டிவிட்டு, டிரம்மே மோசம் என்று முடிவுகட்டுவார்கள். இரண்டையும் சரிசெய்து, ஷூவின் லைனிங்கும் (உராயும் பட்டை) பிரேக் ஹோஸும் மாற்றினால் சிலருக்கு அதுவே போதும். (பழைய லைனிங் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம்.) இன்னும் வேண்டுமென்றால் ரைலி 1.5 காரின் 9 அங்குல டிரம் என்ற பழைய வழியும் உண்டு.

சரி, டிஸ்க்தான் என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் பெரிய சிக்கல் சக்கரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. பெடல் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சேஸியில் உட்கார்ந்திருக்கிறது. டிரம்முக்காக அதற்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். அதே அழுத்தம் டிஸ்க்குக்குப் போனால் அதை இருபக்கமும் அழுத்தும் பேட் விலகாது. சூடேறி, வண்டி இழுத்துக்கொண்டே ஓடும். வால்வையே கழற்றி எறிந்தால் இன்னொரு தொல்லை. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் உயரத்திலும் மாஸ்டர் சிலிண்டர் பள்ளத்திலும் இருப்பதால் பிரேக் ஆயில் மெல்லப் பின்னோக்கி வடியும், காலையில் பெடல் ஆழமாகப் போகும். டிஸ்க்குக்கென்று வரும், 2 பிஎஸ்ஐ அழுத்தத்தை மட்டும் பிடித்துவைக்கும் வால்வை முன் லைனில் போடுவதுதான் முறை. சிலிண்டரைக் கழற்றப் போனால் முன் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் குறுக்கே நின்று போல்ட்டை வெளியே வரவிடாது. திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிடுங்கள், அடுத்தமுறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

மைனரின் முன்சக்கரத்தில் இருப்பதுபோல் இரண்டு லீடிங் ஷூ (சுழலும் திசையிலேயே அழுத்தும் ஷூ) உள்ள டிரம், சுழலும் வேகத்திலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அதனால் புது டிஸ்க் போட்டதும் பெடல் கல் மாதிரி இருக்கிறது என்ற புகார் வரும். எஞ்சினின் உறிஞ்சலால் பெடலுக்கு உதவும் சர்வோ, மிதிக்கும் பாரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். டயரின் பிடிப்பைக் கூட்டாது. நான்கு சக்கரத்துக்கும் போகிற லைனில் அதைச் சேர்த்தால் பின் டிரம்முக்கும் அழுத்தம் ஏறும். ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும், கவனம்.

காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது அடிக்கடி நடக்கிற கூத்து. ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே போய்விட்டால் எத்தனை முறை பெடலை மிதித்தாலும் காற்று உள்ளேயேதான் இருக்கும். அப்புறம், கிட் வாங்கும் முன் அது உங்கள் 14 அங்குல ரிம்முக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பூட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பாருங்கள்.

கிரீஸ் காணாமல் தேய்ந்த ட்ரனியன்மேல் (முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு பிணைக்கும் திருகு மூட்டு) டிஸ்க் பூட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள முடியாது. அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது அதன்மேல் விழும் சுமை, புது டிஸ்க்கால் கூடத்தான் செய்யும்.

எல்லாம் முடிந்து சில மாதத்தில் பெடல் மறுபடி ஆழமாகப் போனால் உடனே காலிப்பரைக் குறை சொல்லாதீர்கள். முன் பேட் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். பின் டிரம்மை இப்போதும் ஸ்க்ரூடிரைவர் பிடித்து நாம்தான் சரிசெய்ய வேண்டும்.