மூச்சுப் பயிற்சி முடித்த கையோடு பிபி பார்க்காதீர்கள்

என் பெரியப்பா தினமும் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்வார். கண்ணைத் திறந்ததும் பக்கத்திலேயே எடுத்து வைத்திருக்கும் பிபி மெஷினின் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்வார். 122, 118, 120 என்று வருவதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். இரண்டு மாதம் இப்படி எழுதியவர், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு நாள் சாயங்காலம் தலை கனக்கிறது என்றார், நான் மெஷினை வைத்துப் பார்த்தேன்: 176/104. மறுபடி வைத்தேன், ஏறக்குறைய அதேதான். அந்த நோட்டை அன்று ராத்திரி பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை, ஆனால் எல்லாமே உடம்பு அமைதியின் உச்சத்தில் இருந்த ஐந்து நிமிடத்தில் எடுத்தவை. மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தை அந்த நோட்டு பார்க்கவே இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மூச்சுப் பயிற்சி, தியானம் போன்ற தளர்வுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானே செய்கிறேன். அது இதயத்தைத் தொடுவது நிஜம். இதயத்தை எந்த நரம்பும் தொடாமல் விட்டால் தன் போக்கில் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 பக்கத்தில் நிற்கிறதென்றால், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு கடிவாளம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். 1921-ல் ஆட்டோ லோவி என்பவர் ஒரு தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்து, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த நீரை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், நரம்பையே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது, 1936-ல் நோபல் பரிசும் வந்தது. இதை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், துடிப்பு லேசாக வேகம் பிடிக்கும். நீளமாக விடுங்கள், நிதானமாகும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் மங்கிவிடும், தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள்.

இந்த விஷயம் புரிந்துவிட்டால், மூச்சைப் பலவந்தப்படுத்துவது எவ்வளவு தவறு என்பதும் புரிந்துவிடும். பலர் ஆழமாக இழுக்க வேண்டும் என்று நினைத்து வேகவேகமாக இழுத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதைப் பயிற்சி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இன்னும் சிலர் முகம் சிவக்க மூச்சை அடக்கி முக்குகிறார்கள், அப்போது பிபி குப்பென்று ஏறும், ஏற்கெனவே அழுத்தம் அதிகமாக உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், அது போதும், அதுவும் கஷ்டமாக இருந்தால் உங்களுக்கு எது சுலபமோ அந்த அளவு. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியிலும் இதே கதைதான்: லேசாக இறுக்கினால் போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு முஷ்டியை முறுக்கத் தேவையில்லை.

மனதில் நினைப்பே வரக்கூடாது என்று மல்லுக்கட்டுவது இன்னொன்று. ஹார்வர்டில் இருந்த இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் இந்தத் தளர்வு நிலையை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர். அவர் சொன்ன முறையே ரொம்ப எளிமை: அமைதியாக உட்கார், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல், நினைப்பு வந்தால் வரட்டும், மறுபடி அந்தச் சொல்லுக்கு வா. சரியாக வருகிறதா என்ற கவலையோடு உட்கார்ந்தால் அந்தக் கவலையே அட்ரினலினைச் சுரக்க வைத்துவிடும்.

அப்புறம் ரத்தம். "தியானம் செய்தால் ரத்தம் சுத்தமாகும், அடைப்பு கரையும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடைப்பு கரையாது. ஆனால் ரத்தத்துக்கும் டென்ஷனுக்கும் சம்பந்தம் உண்டு. பதற்றத்தில் உடம்பு காயம் படப்போவதாக எண்ணித் தயாராகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. ஓடவோ சண்டை போடவோ அது சரி. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த நிலையில் இருந்தால் இதயத்துக்குச் சுமைதான். பயிற்சி அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்குகிறது, அவ்வளவே. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் அது மாற்று இல்லை.

பிபி எவ்வளவு குறையும் என்பதிலும் ஆசை அதிகம். ஒழுங்காகத் தொடர்ந்து செய்தால் மேல் எண்ணில் சராசரியாகச் சில புள்ளிகள் குறையலாம், நாலைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சின்ன விஷயம் இல்லை, நிலைத்து நின்றால் பக்கவாத அபாயத்தையே குறைக்கும். ஆனால் 160-ஐ 120 ஆக்காது. அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் தியானத்தைப் பற்றிச் சொன்னதும் இந்த அளவோடுதான்: வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம், அதற்குப் பதிலாக அல்ல. மாத்திரையைத் தானாக நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் பிபியும் துடிப்பும் முன்னைவிட அதிகமாக எகிறலாம், மாரடைப்பு வரைகூடப் போகலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

அவரிடம் காட்டும் எண்ணும் நேர்மையாக இருக்க வேண்டும் இல்லையா? காலையில் பயிற்சிக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபியோ புகையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், கையை இதய உயரத்தில் மேஜைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பெரியப்பாவின் நோட்டில் இப்போது காலைக்கு ஒரு பத்தி, சாயங்காலத்துக்கு ஒரு பத்தி. மாத்திரை திரும்ப வந்துவிட்டது, பயிற்சியும் நிற்கவில்லை.

சின்னதாக இன்னும் இரண்டு. கோபம் தலைக்கேறிய பிறகு மட்டும் மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்பதில் பெரிய பலன் இல்லை, சாதாரண நாளில் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயிற்சி முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், கண் இருட்டி விழ வாய்ப்புண்டு.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பயம் தருகிற தவறு. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்துகிறது, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அப்போது கண்ணை மூடி உட்காராதீர்கள். டென்ஷன்தான், பத்து நிமிடம் மூச்சு விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், குமட்டலும் காரணமில்லாத அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் தனியாக இருந்தால், வருகிறவர்கள் உள்ளே வர வசதியாகக் கதவுத் தாழ்ப்பாளை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள்.