பெங்களூருவைப் பார்த்துப் போடும் தப்புக் கணக்குகள்

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "நம் ஊரிலும் ஒரு ஐடி பூங்கா கட்டினால் பெங்களூரு மாதிரி ஆகிவிடாதா?" பெங்களூரு அல்சூரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இதைக் கேட்டாலே பதைப்பாக இருக்கிறது. கட்டடத்தைக் கட்டிவிட்டு ஆளைத் தேடுவதுதான் முதல் தவறு.

இங்கே ஆட்கள்தான் முதலில் சேர்ந்தார்கள். இந்திய அறிவியல் கழகம் 1909-இல் வந்தது. விமானத் தொழிற்சாலை 1940-இல், தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. ஆலை 1948-இல், இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி. 1953-இல், மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். 1954-இல் வந்தன. 1985-இல் அமெரிக்க சிப் கம்பெனியான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கடை விரித்தபோது, இரண்டு தலைமுறைப் பொறியாளர்களும் ஃபிட்டர்களும் டர்னர்களும் நகரத்தில் தயாராக இருந்தார்கள். 1985-ஐ மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் அதற்கு முந்தைய 76 ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

திறமை என்றால் பட்டம் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு லேத் (கடைசல்) பட்டறையில் தர்மபுரிக்கார டர்னர் ஒருவரைத் தெரியும். படித்தது ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே காதைக் கொடுத்துக் கேட்டு, "டூல் மழுங்குகிறது" என்று நிறுத்துவார். சுருண்டு விழும் இரும்புச் சீவலின் நிறத்தையும் பார்ப்பார். பிறகுதான் அளந்து பார்க்க மைக்ரோமீட்டரை எடுப்பார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டு கழிவுக்குப் போய்விடும். இந்தக் கைப்பக்குவம் புத்தகத்தில் வராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். பெரிய ஆலையில் பத்து வருடம் நின்றவர் வெளியே வந்து சொந்தப் பட்டறை போடுகிறார், நான்கு பையன்களைப் பழக்குகிறார், அவர்களில் ஒருவன் அடுத்த தெருவில் இன்னொன்று தொடங்குகிறான். ஒரு வட்டாரம் வளர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

வரிச்சலுகையால் வரும் கம்பெனி, பக்கத்து மாநிலம் அதிகச் சலுகை தந்தால் அங்கே போய்விடலாம். அதை மட்டும் நம்பக் கூடாது. அதற்குப் பதிலாக, ஊரில் ஏற்கெனவே என்ன கைத்தொழில் இருக்கிறது என்று கேளுங்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், சிவகாசியில் அச்சுக்காரர்கள், கோவையில் பம்பு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல ஐடிஐ, சோதனைக்கூடம், தடையில்லாத மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

கடைசித் தவறை பெங்களூருவே செய்துகொண்டிருக்கிறது. வாடகை. அந்த டர்னர் போன வருடம் நகருக்கு வெளியே நெலமங்கலா பக்கம் வீடு மாறிவிட்டார். பட்டறைக்கு வர இரண்டு பஸ். முன்பெல்லாம் வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இப்போது ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறார்.